ஃபோட்டோவுக்கு ஒரு வீடு, குடியிருக்க ஒரு வீடு

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் லேப்ல ஒரு ஹாஃப் லேப் ஜாயின்ட் செஞ்சிருப்பீங்க. ரம்பம் கோட்டைத் தாண்டிப் போய், இன்ஸ்ட்ரக்டர் சார் பார்க்கிறதுக்குள்ள இடைவெளியில மரத்தூளும் பசையும் அடைச்சு, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு வெளியே வந்திருப்பீங்க. அதோடு மரவேலைக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.

இன்னொரு இடமும் உங்களுக்குத் தெரியும். பாய்ஸ் ஹாஸ்டலுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டியைத் தாண்டினா ஒரு தகரக் கொட்டகை. கால் உடைஞ்ச நாற்காலி, பலகை இல்லாத இரும்புக் கட்டில், கதவு தொங்குற அலமாரி, இழுப்பறை காணாமல் போன மேஜை எல்லாம் ஒன்று மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆபீஸ் பாஷையில் அதற்குப் பெயர் "கண்டம் பண்ணின சாமான்". பதிவேட்டில் உபயோகமற்றது என்று எழுதிவிட்டால், ஏலம் வரும்வரை அது அங்கேயே வெயிலிலும் மழையிலும் கிடக்கும்.

போன செமஸ்டரில் என்.எஸ்.எஸ். சார்பில் ஒரு ப்ராஜெக்ட் அறிவித்தார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் கடைசி வரிசையில் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த நாலு வீடுகளை வெள்ளையடித்து, மெஸ், செக்யூரிட்டி, துப்புரவு வேலை பார்க்கும் நாலு குடும்பங்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். நாலு டீம், ஆளுக்கு ஒரு வீடு. அந்தக் கொட்டகைச் சாமானை மட்டும் வைத்து வீட்டைத் தயார் செய்ய வேண்டும். புதுசாக ஃபர்னிச்சர் வாங்கக் கூடாது. பசை, பெயின்ட், ஆணி, உப்புத்தாள் செலவுக்கு மட்டும் ஒரு வீட்டுக்கு 4000 ரூபாய். அஞ்சு வாரம் டைம். கடைசியில் ஒரு கமிட்டி வந்து மார்க் போடும். "ஈகோ ஃப்ரெண்ட்லி ஹோம் ஸ்டேஜிங்" என்று சர்க்குலரில் போட்டிருந்தது.

ஹோம் ஸ்டேஜிங் என்றால் என்ன என்று தேடிப் பார்த்தோம். விற்கப் போகும் வீட்டை, பார்க்க வருகிறவருக்குப் பிடிக்கிற மாதிரி சோபா, விளக்கு, கண்ணாடி எல்லாம் வைத்து அலங்கரிப்பது. அமெரிக்காவில் அது ஒரு தனித் தொழில். நம் ஊர் அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் "மாடல் ஃப்ளாட்" அதற்குத் தம்பி முறை. வீடு விற்றதும் சாமானெல்லாம் வேன் ஏறிவிடும். அந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் சிக்கல் அதில்தான் இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வருஷமும் யாராவது செய்யப் போகிறீர்கள்.

முதல் வாரம் முழுக்கத் தரம் பிரிப்பதுதான். மூன்று குவியல்: காப்பாற்றலாம், உதிரிக்கு ஆகும், ஆகவே ஆகாது. பழைய மேஜைகளில் சிலது தேக்கு. தூசிக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் எல்லா மரமும் ஒரே மாதிரி தெரியும்; அடிப்பக்கம், பெயின்ட் படாத இடத்தில் கொஞ்சம் சுரண்டினால் தெரிந்துவிடும். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் அவ்வளவு சுலபமாகத் தொடாது. மற்ற மரங்களில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தால், உடனே வேண்டாம் என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு கறுப்புச் சார்ட்டை விரித்து அதன்மேல் ரெண்டு மூணு நாள் வையுங்கள். புதுசாக மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தூள் இல்லையென்றால் பழைய ஓட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் சில வாரம் கவனித்துவிட்டு எடுக்கலாம்.

சிப் போர்டு சாமான்தான் ரொம்பக் கஷ்டம். தண்ணி பட்டால் ஊதிப்போகும். ஒரு தடவை ஸ்க்ரூ கழன்ற ஓட்டையில் மறுபடி ஸ்க்ரூ நிற்காது. தூளைப் பிசினால் ஒட்டி அழுத்திச் செய்தது அது, பிரிந்தால் பிரிந்ததுதான். எரித்துவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். அந்தப் பிசின் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்தது, திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று கெமிஸ்ட்ரி மேடம் தடுத்தார். இருபது வருஷம் பழசான தேக்கு மேஜை பிழைத்தது, நாலு வருஷம் பழசான கம்ப்யூட்டர் டேபிள் பிழைக்கவில்லை. "ஈகோ ஃப்ரெண்ட்லி" என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது அந்தக் குவியல்களுக்கு நடுவில்தான். பழுது பார்க்க முடிகிற மாதிரி செய்யப்பட்ட பொருளுக்கே இரண்டாவது ஆயுசு உண்டு.

ரெண்டாவது வாரம், ஆடுகிற நாற்காலிகள். நாற்காலி ஏன் ஆடுகிறது? மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் நார் போகும் திசையில் கொஞ்சம்தான், குறுக்கே அதிகம். வருஷக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கிக் கழுந்துக்கும் துளைக்கும் நடுவில் இருக்கும் பசை விட்டுவிடுகிறது. நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு மூணு இன்ச் ஆணியை அடிப்பார்கள். ஆணி கழுந்தைப் பிளந்துவிடும், அப்புறம் அந்த நாற்காலி அவ்வளவுதான். சரியான வழி, மூட்டை முழுசாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து, ஒரு நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வைப்பது. பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. இறுக்குவதற்கு எங்களிடம் கிளாம்ப் ரெண்டுதான் இருந்தது. கார்பென்ட்ரி இன்ஸ்ட்ரக்டர் சார் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக் கொடுத்து, "சுத்துங்கடா, இழுத்து இழுத்துச் சுத்துங்க" என்றார். ஒரே நேரத்தில் ஏழு நாற்காலி டியூபில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தன. பார்க்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

இரும்புக் கட்டில்களுக்குச் சட்டம் நன்றாக இருந்தது, பிளைவுட் பலகைதான் மக்கிப் போயிருந்தது. பலகைக்குப் பதில் நாடா பின்னினோம். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் அடித்து, நாடா. இதற்கு முன்னால் மூட்டைப்பூச்சி. ஹாஸ்டல்வாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை. குழாய் சேருகிற இடுக்கு ஒவ்வொன்றிலும் கொதிக்கிற தண்ணியை ஊற்றினோம். 50 டிகிரிக்கு மேல் சூடு நேராகப் பட்டால் அது தாங்காது. பாட்டிமார்கள் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றியதற்கு அர்த்தம் இருந்திருக்கிறது.

மூணாவது வாரம் பெயின்ட். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நம் கொட்டகைச் சாமான் பெரும்பாலும் அதற்கு முந்தியது. அதனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாளோ கிரைண்டரோ போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், தரையில் படியும். தரையில் தவழுகிற குழந்தையின் கை வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். எங்கள் டீம் ஈரம் பண்ணித்தான் தேய்த்தது. மாஸ்க், கீழே ஷீட், முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து அந்தக் கசடைத் தனியாகக் கட்டி வைத்தது. பழைய பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்த இடத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுக் கோட் அடித்தோம். இதனால் மற்ற டீமைவிட நாலு நாள் பின்தங்கினோம். பரவாயில்லை.

இப்போது கணக்கு. நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்கில்லாமல் "பூமியைக் காப்பாத்தினோம்" என்று போஸ்டர் ஒட்டக் கூடாது. மெஸ் தராசில் ஒரு கட்டிலை நிறுத்தினோம்: 24 கிலோ. நம் நாட்டில் ஒரு டன் இரும்பு தயாரிக்க 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியென்றால் ஒரு கட்டிலுக்குக் குறைந்தது 50 கிலோ. நாலு வீட்டிலும் சேர்த்து ஆறு கட்டில், 300 கிலோ. ஒரு தேக்கு மேஜை 18 கிலோ. ஈரம் போக 16 கிலோ மரம், அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்த 8 கிலோ கார்பன், எரிந்தாலோ முழுசாக மக்கினாலோ சுமார் 29 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். மேஜையாக நிற்கும்வரை போகாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ. ஆறு கட்டில் 300 கிலோ என்பது 110 லிட்டர் டீசல். நம்ம காலேஜ் பஸ்கள் அதைச் சீக்கிரமே குடித்துவிடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிட முக்கியம். பழைய கட்டிலைச் சரி செய்ததாலேயே அந்த 300 கிலோ மிச்சமாகிவிடாது. அந்தக் குடும்பம் புதுக் கட்டில் வாங்காமல் இருந்தால்தான் மிச்சம். நாம் பெயின்ட் அடித்து ஃபோட்டோ எடுத்து, அது மறுபடி கொட்டகைக்குப் போய், அந்த வீட்டுக்காரர்கள் கடன் வாங்கிப் புதுக் கட்டில் வாங்கினால் மிச்சம் பூஜ்யம். இன்னும் சரியாகச் சொன்னால் மைனஸ். பெயின்ட்டும் பசையும் வீண். அதாவது, ஈகோ ஃப்ரெண்ட்லியா இல்லையா என்பதை அந்தக் கட்டிலில் நாளைக்கு யார் படுக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் வீடு மெஸ்ஸில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஒதுக்கியது. அக்கா, செக்யூரிட்டி அண்ணன், அண்ணனின் அம்மா, பத்தாவது படிக்கிற பொண்ணு, நாலு வயசுப் பையன். அஞ்சு பேர். ஹால் 12-க்கு 10 அடி. அது போக சமையலறை, பாத்ரூம். அவ்வளவுதான்.

மெஸ் முடிந்து வந்த அக்காவிடம் எங்கள் சிவில் தோழி வரைந்த ஸ்கெட்சைக் காட்டினோம். சுவரோரம் சோபா செட், டீப்பாய், மூலையில் விளக்கு. அக்கா நன்றாகப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. ராத்திரி எங்க படுக்குறது?" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஹால் 120 சதுர அடி. பாட்டிக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து எழ முடியாது, அதனால் கட்டில் கட்டாயம்: சுமார் 19. மற்ற நாலு பேருக்குப் பாய், ஆளுக்கு 6-க்கு இரண்டரை அடி: 60. பொண்ணு படிக்க மேஜை: 8. அலமாரி: நாலரை. ஆக 91.5. மீதி 28.5 சதுர அடியில்தான் கதவு திறக்க வேண்டும், ஆள் நடக்க வேண்டும். மூணு பேர் சோபா, ரெண்டு ஒற்றைச் சோபா, டீப்பாய் சேர்த்தால் 32. கணக்கு மைனஸில் போனது.

"அப்ப சோபா வேணாமாக்கா?"

"விருந்தாளி வந்தா பாய் விரிக்கிறோம் தம்பி. குடம் வைக்க ஒரு பலகை போட்டுக் குடுங்க. ஈரத் தரையில வெச்சா வழுக்குது. பொண்ணு மேஜை ஜன்னல் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் வரும்."

டீமில் சண்டை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? மார்க் பிரிப்பு அப்படி: தோற்றத்துக்கு 40, எவ்வளவு பழைய சாமான் பயன்படுத்தினோம் என்பதற்கு 30, செலவுக்கு 20, பேச்சுக்கு 10. குடியிருக்கப் போகிறவருக்கு வசதியா என்பதற்கு ஒரு மார்க்கும் இல்லை. சோபா போட்டால் தோற்றத்திலும் மார்க், பழைய சாமான் எண்ணிக்கையிலும் மார்க். "ஜட்ஜிங் அன்னிக்கு மட்டும் சோபா போடுவோம், சாயந்தரம் எடுத்துடுவோம்" என்று ஒருத்தன் சொன்னான். மோசமான யோசனை இல்லை. நாலு பேருக்கு அது பிடித்திருந்தது. "அப்ப நாம வீடு பண்றோமா, செட் போடுறோமா?" என்று தோழி கேட்டாள். சினிமாவுக்குச் செட் போடுவது கேவலமான வேலை இல்லை, ஆனால் அதில் யாரும் குடியிருக்க வருவதில்லை. ஓட்டெடுப்பு வைத்தோம். ஏழுக்கு நாலு. சோபா போடவில்லை.

நாடாக் கட்டில் ஒன்று. ஜன்னலோரம் தேக்கு மேஜை, ஆடாத நாற்காலி. உடைந்த கட்டில் சட்டத்தை அறுத்து வெல்டு செய்த குடம் வைக்கும் ஸ்டாண்டு. இரண்டு அலமாரிகளின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு அலமாரி. பாய் சுருட்டி வைக்க மேலே ஒரு பரண் பலகை. கதவு இல்லாத பழைய ரேக்கைக் குட்டை செய்து சமையலறையில் மளிகை டப்பாவுக்கு. நாலு வயசுக்காரனுக்கு முனைகளை உருட்டித் தேய்த்த ஒரு முக்காலி. பாட்டி கை ஊன்றி எழக் கட்டிலோரம் ஒரு பிடி. காய் நறுக்க ஒரு பலகை. மொத்தம் பத்து உருப்படி.

கமிட்டி வந்தது. எங்கள் ஹால் அவர்களுக்குக் காலியாகத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் டெக்கரேட் பண்ணியிருக்கலாமே" என்றார் ஒருவர். நாலு டீமில் மூணாவது வந்தோம். பக்கத்து வீட்டு டீம் முதல் பரிசு. அவர்கள் வேலையையும் சொல்ல வேண்டும்: டிஸ்டெம்பர் டப்பாவில் விளக்கு, பிரம்பு சோபாவுக்குப் புதுப் பின்னல். அருமையான கைவேலை, பொறாமையே வந்தது.

பிரச்சினை அடுத்த வாரம் வந்தது. குடும்பங்கள் குடிவந்து மூணாவது நாள் ஆபீஸிலிருந்து ஒரு தகவல்: அந்தச் சாமானெல்லாம் இன்னும் கண்டம் லிஸ்டில்தான் இருக்கிறது, ஏலத்துக்குப் பட்டியல் போயாச்சு, எண்ணிக்கை குறையக் கூடாது, திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். மாடல் ஃப்ளாட் வேன் ஏறுகிற கதை. எங்கள் கணக்குப்படி மிச்சம் பூஜ்யம்.

அக்காவிடம் சொல்லப் போனோம். பொண்ணு ஜன்னலோர மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கோபப்படவில்லை. "எடுத்துட்டுப் போறதா இருந்தா இப்பவே எடுத்துடுங்க தம்பி. புள்ள அதுல உக்காந்து பழகிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த வேலையில் உளியும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. ஒரு உருப்படிக்கு ஒரு வரி என்று பட்டியல் எழுதினோம்: பழைய பதிவேட்டு எண், என்ன பழுது, என்ன சரி செய்தோம், இப்போது எந்த வீட்டில், முன்னும் பின்னும் ஃபோட்டோ. ஃபோட்டோவுக்குச் சரியான உபயோகம் அங்கேதான் கிடைத்தது. ஒர்க்‌ஷாப் சூப்பரின்டென்டென்ட் "உபயோகத்துக்குத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட்டார். ஆபீஸில் பதிவேடு பார்க்கும் சாரே வழி சொன்னார்: ஏலப் பட்டியலுக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை, வருவதற்குள் திருத்தப் பட்டியல் கொடுத்தால் அந்த வரிகளை எடுத்துவிடலாம், ஃபேனும் டியூப் லைட்டும் குவார்ட்டர்ஸ் பதிவேட்டில் இருக்கிற மாதிரி இந்தச் சாமானையும் வீட்டோடு சேர்த்து எழுதிவிடலாம். நாங்கள் எதிரி என்று நினைத்த ஆள் அவர். விதியை முழுசாகத் தெரிந்தவராக அவர் மட்டும்தான் இருந்தார்.

நாலு வாரம், ஆறு கையெழுத்து. எங்கள் வீட்டின் பத்து உருப்படியும் நின்றன. மற்ற மூணு வீட்டிலும் கட்டில், அலமாரி, ரேக் நின்றன. சோபாக்களைக் குடும்பங்களே வேண்டாம் என்றார்கள், இடம் இல்லை. முதல் பரிசு வாங்கிய அந்தப் பிரம்பு சோபா செமினார் ஹால் வராந்தாவில் கிடக்கிறது. சாரல் அடித்தால் நனையும் இடம். கைவேலை தெரிந்த யாருக்கும் அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும். அதற்கு ஒரு வீடோ லைப்ரரி மூலையோ தேடித் தர முடிந்தால் உடனே என்.எஸ்.எஸ். ரூமில் சொல்லுங்கள்.

பழைய சாமானுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவும் தூணும் நல்ல விலைக்குப் போகும். அதை வாங்கிப் போய் ஹோட்டலில் அழகுக்கு நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் ஒரு மறுவாழ்வுதான். ஆனால் ஹாஸ்டல் கட்டிலை யாரும் அழகுக்கு வாங்க மாட்டார்கள். அது பிழைக்க ஒரே வழி, யாராவது அதில் படுப்பது.

இந்த வருஷ டீம்களுக்கு மூணு விஷயம். மார்க் பிரிப்பில் "குடியிருப்பவர் சொன்னது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், நீங்களும் கேளுங்கள். பதிவேட்டு வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முதல் வாரமே ஆரம்பியுங்கள். அப்புறம், செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் காலியாகும்போது அடுத்த லாட் கொட்டகைக்கு வரும். எல்லாரும் அங்கேதான் ஓடுவீர்கள். அவசரப்பட வேண்டாம். முதல்ல டேப்பை எடுத்துக்கிட்டு, குடிவரப் போறவங்களைப் போய்ப் பாருங்க. கொட்டகைக்கு அப்புறம் போகலாம்.